வளவைப் பிரிப்பதா, மாடி எழுப்புவதா?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் மகளுக்கு வீடு கொடுப்பது வழமை. தாய் வீடு மூத்தவளுக்குப் போனபின், இளையவளுக்கு வளவை (வீட்டுக் காணியை) பிரித்துக் கட்டுவதா, தாய் வீட்டின் மேலேயே மாடி எழுப்புவதா என்று பல குடும்பங்கள் தடுமாறுகின்றன.

செலவு
பிரித்தால்: புது அத்திவாரம், புதுக் கூரை, நில அளவை.
மாடி என்றால்: நிலம் மிச்சம். ஆனால் பழைய அத்திவாரம் தாங்குமா என்று பொறியியலாளர் பார்க்காமல் தொடங்கவே கூடாது.

காற்று, வெள்ளம்
ஓட்டுக்கூரை வெக்கையைக் குறைக்கும். ஆனால் 1978 நவம்பர் சூறாவளியில் கூரைகள் பறந்தன.
கொங்கிரீட் தளம் காற்றுக்கு நிற்கும். ஆனால் பகல் சூடு இரவிலும் தணியாது. 2004 சுனாமிக்குப் பின் மாடியை விரும்புவோரின் பயம் நியாயமானது.

கிணறு
இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். மணல் தரையில் நிலத்தடி நீர் மேலாகவே கிடக்கிறது. வளவு குறுகினால் மலசலகூடக் குழி கிணற்றை நெருங்கும், பக்கத்து வீட்டுக் கிணற்றையும்தான். தென்னை, முருங்கைக்கும் இடமிராது.
மாடிக்கு ஒரே குழி போதும்; இரண்டு குடும்பத்துக்கு ஏற்றபடி பெரிதாக வேண்டும்.

உறுதி
பிரித்த துண்டுக்கு உள்ளூராட்சிச் சபையின் அனுமதியோடு தனி உறுதி (காணிப் பத்திரம்) எழுதலாம்.
மேல்மாடியை மட்டும் தனியே எழுத, தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் பேரப்பிள்ளைகள் வழக்காடுவார்கள்.

காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊரென்றால் மாடிதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அகலமான வளவு இருந்தால், கிணற்றுக்கு இடம் விட்டுப் பிரியுங்கள்.