கும்பகோணத்தில் மகள் போகும் வேதியியல் டியூஷன்

மகள் பதினொன்றாம் வகுப்பு. சுவாமிமலையிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ்ஸில் போய் வருகிறாள். மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு மாடியில் நடக்கும் டியூஷன். ஆறு மாதம் ஆகிறது. மனநிறைவோடுதான் எழுதுகிறேன்.

முன்பு சேர்த்திருந்த இடத்தில் விடையை மட்டும் எழுதிப் போடுவார்கள். இங்கே சார் முதல் வாரமே கிளிஞ்சலைப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் காட்டினாராம். நுரைத்து வரும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? சமன்பாட்டைச் சமன் செய்த பிறகுதான் கணக்கு. கிளிஞ்சலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு 44 கிராம் வாயு, அப்படியானால் 10 கிராமுக்கு 4.4. மிச்சமிருந்த ஒரு கிளிஞ்சலை இன்னும் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள்.

வாயுக் கணக்கில்தான் அவளுக்குத் தடுமாற்றம். 27 டிகிரி செல்சியஸில் 2 லிட்டர் இருக்கும் வாயு, அழுத்தம் மாறாமல் 127 டிகிரிக்குச் சூடானால்? செல்சியஸிலேயே போட்டு 9.4 லிட்டர் என்று எழுதிவிட்டாள். சார் உடனே விடையைச் சொல்லவில்லை. 273 கூட்ட வேண்டும் என்று அவளுக்கே தோன்றும்வரை காத்திருந்தார். 300, 400 கெல்வின் என்று மாற்றியதும் 2.67 லிட்டர் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

அப்புறம் பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண். 3லிருந்து 4க்குப் போனால் அமிலத்தன்மை பத்து மடங்கு குறைகிறது என்று புரிந்த அன்று, வயல் மண் பரிசோதனைச் சீட்டை எடுத்து அவள் அப்பாவுக்கே பாடம் நடத்தினாள்!

குறை என்றால், ஐப்பசி மழையில் மாடிப்படி வழுக்கியது. கைப்பிடி வைத்தால் நல்லது. வகுப்பை ஏழு மணிக்கே விட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் பிடிக்கச் சௌகரியம்.