செயின்ட் பியர் இடிபாடுகளில் அரை நாள் நடை

கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்ட்டினிக் தீவின் செயின்ட் பியர் நகரில், 1902ஆம் ஆண்டு மே 8 அன்று பெலே எரிமலை அழித்த இடங்களைச் சுற்றிக்காட்டும் அரை நாள் சேவை ஒன்றில் அண்மையில் சென்றுவந்தேன். அருங்காட்சியகத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். அழைத்துச் சென்ற வழிகாட்டிக்குப் பாதிதான் தர முடியும்.

அமெரிக்க எரிமலை ஆய்வாளர் ஃபிராங்க் பெரெட் 1933இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. 2019இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். உள்ளே என்னை நகரவிடாமல் நிறுத்தியது பேராலயத்தின் வெண்கல மணி. இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அந்த மணி, பழந்துணியைக் கசக்கிப் போட்டதுபோல் ஒருபக்கமாக அமுங்கிக் கிடக்கிறது. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போன ஆணிகளும், உருகி வளைந்த கண்ணாடிப் புட்டிகளும் அருகிலேயே உள்ளன. மாண்டவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். அவர்களில் 7,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்த எங்களிடம், நகரை "எரிமலைக் குழம்பு மூழ்கடித்தது" என்றார் வழிகாட்டி. உண்மையில் மலைச்சரிவில் பாய்ந்து வந்து, இரண்டொரு நிமிடங்களில் நகரை முடித்தது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம்; குழம்பு வந்திருந்தால் நாடக அரங்கின் படிக்கட்டுகள் இன்று கண்ணுக்கே தெரிந்திருக்காது.

அரங்கை ஒட்டியுள்ள சிறைக்கூடத்தில்தான் அவர் நெடுநேரம் செலவிட்டார். தடித்த கல்சுவர்களுக்குள் தீக்காயங்களோடு பிழைத்து, பின்னர் சர்க்கஸ் குழுவுடன் ஊர் ஊராகச் சென்ற லூட்ஜர் சில்பாரிஸின் கதை சுவையானதுதான், மறுக்கவில்லை. ஆனால், தப்பியவர் அவர் ஒருவரே என்று அடித்துச் சொன்னதை ஏற்க முடியவில்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளியான லியோன் கொம்பேர் லியாந்தரும் உயிர் பிழைத்தார். மே 5ஆம் தேதியே சேற்று வெள்ளம் குவேரன் சர்க்கரை ஆலையைப் புதைத்ததும், மே 11இல் தேர்தல் நடக்கவிருந்ததும், ஆளுநர் லூயி மூத்தே இதே நகரில் மாண்டதும் வழிகாட்டியின் வாயில் வரவே இல்லை. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று உடன் வந்த பெண்மணி ஒருவர் கேட்டபோது, நேரமாகிவிட்டது என்று வண்டியை நோக்கி நடந்துவிட்டார்.

சிறைக்கூடமும் அரங்கும் தனியாகவே நடந்து பார்க்கக்கூடியவை. நிழல் குறைவு என்பதால் காலையிலேயே செல்வது நல்லது. பொழுது ஏறினால் மலையின் முகட்டை முகில் மூடிவிடுகிறது.