ரஞ்சி ஆடியவரிடம் தனி வகுப்பா, அகாடமி நெட்ஸா?

என் மச்சான் மகனுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, 11. இருவரையும் பெங்களூரில் பானஸ்வாடிப் பக்கம் ஒரே கிரிக்கெட் அகாடமியில்தான் சேர்த்தோம். எட்டு மாதம் கழித்து மகளை மட்டும் அங்கிருந்து எடுத்து, கர்நாடகாவுக்காக ரஞ்சி டிராபி (மாநில அணிகள் மோதும் போட்டி) ஆடிய ஒருவரிடம் பேட்டிங் தனி வகுப்புக்கு அனுப்பினேன். மச்சான் பையன் அங்கேயே இருக்கிறான். ஒரு வருடம் ஓடிவிட்டது. எது மேல் என்று எங்கள் அபார்ட்மெண்டில் இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். என் ஓட்டு தனி வகுப்புக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

காசில் அகாடமிதான் மலிவு. அங்கே வாரம் மூன்று நாள், மாதம் 4,500 ரூபாய். தனி வகுப்புக்காரர் வாரம் ஒரு மணி நேரம்தான் தருகிறார், அந்த ஒரு மணி நேரத்துக்கே 1,500. மச்சான் கணக்குப் போட்டுச் சொன்னான்: "அந்தக் காசுக்கு எனக்கு நாலு நாள் ஓடுது மாமா." சரிதான். மழையில் மட்டும் கணக்கு மாறும். மே மாதம் தொடங்கினால் பெங்களூரு மாலைகளை நம்ப முடியாது, அகாடமி நெட்ஸ் (வலை கட்டிய பயிற்சி இடம்) திறந்தவெளி. இவருடைய நெட்டுக்குக் கூரை உண்டு.

நான் எண்ணிப் பார்த்தது பந்துகளை. அகாடமியில் இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பத்து நிமிட பேட்டிங். ஒரு நாள் சுவரோரம் உட்கார்ந்து எண்ணினேன்: 34 பந்து. மூன்று நாளும் சேர்த்தால் நூறு சொச்சம். மீதி நேரம் பந்து பொறுக்குவது, வரிசையில் நிற்பது. அதிலும் ஒரு கோச் "கிரிப்பைத் தளர்த்து" என்பார், மறுநாள் வேறொருவர் "இறுக்கிப் பிடி" என்பார். 13 வயதுக்குக் கீழே 133 முதல் 144 கிராம் எடையுள்ள பந்துதான் ஆட வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அங்கே பெரியவர்களின் 156 கிராம் பந்தைத்தான் எல்லோருக்கும் போட்டார்கள். பயத்தில் மகள் பந்தின் பாதையை விட்டு லெக் பக்கம் ஒதுங்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

தனி வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு 170 பந்து வரை வருகிறது, எல்லாம் த்ரோடவுன், அதாவது பௌலிங் போடாமல் அருகிலிருந்து கையால் எறிவது. கோச் சார் முதல் இரண்டு மாதமும் ஒரே விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அடிக்கும்போது அவள் தலை ஆஃப் பக்கம் சாய்கிறது. "தலெ அல்லாடிஸ்பேடா" (தலையை ஆட்டாதே) என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். கிரிப், பேக்லிஃப்ட் (பேட்டைப் பின்னால் தூக்கும் விதம்) பற்றிக் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம் சார்" என்பார்.

ஆனால் அவர் புதன்கிழமை நிமிர்த்தி வைத்த தலை ஞாயிற்றுக்கிழமைக்குள் பழையபடி சாய்ந்துவிடும். மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டு, "நடுவில் ஆறு நாள் நீங்க என்ன பண்றீங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் ஒன்றும் பண்ணவில்லை. அன்றிலிருந்து என்னையும் நெட்டுக்குள் நிற்க வைத்து, எப்படி எறிவது, எதைக் கவனிப்பது என்று காட்டித்தந்தார். வீட்டில் பழைய சாக்ஸுக்குள் பந்தைப் போட்டு பால்கனிக் கொக்கியில் தொங்கவிட்டோம். கீழ் வீட்டு ஆன்ட்டி சத்தம் தாங்காமல் மேலே வந்த பிறகு டென்னிஸ் பந்துக்கு மாறினோம். வாரம் நாலு நாள், இருபது நிமிடம், நாளுக்கு அறுபது பந்து. வகுப்பில் 170, வீட்டில் 240. யார் அதிகம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். எறிவதும் லேசான வேலை இல்லை. இந்திய அணியோடு போகும் ராகவேந்திரா, கர்நாடகக்காரர், கோலி போன்றவர்களுக்கே சைட்ஆர்மால் (பந்தை வைத்து எறியும் நீளக் கைப்பிடிக் கருவி) பந்து எறிந்து கொடுப்பவர். அவருக்கு அது முழுநேர வேலை. எனக்கோ முதல் வாரமே தோள்பட்டையில் எண்ணெய் தேய்க்க வேண்டியதாயிற்று.

நிபந்தனை இதுதான். அந்த இருபது நிமிடத்தை ஒதுக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் தனி வகுப்பில் போடும் காசு கரைந்துவிடும், அகாடமியே நல்லது. மச்சானுக்கு இரவு ஷிஃப்ட், பையனை அங்கேயே விட்டதைத் தப்பு என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று, ரஞ்சி ஆடியவர் என்பதாலேயே ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிடாது. இவருக்கு முன் ஒரு மாஜி ஆட்டக்காரரிடம் இரண்டு வகுப்பு போனோம். பாதி நேரம் தன் செஞ்சுரிக் கதை, மீதி நேரம் போன். இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ கோச்சுகளுக்கு நடத்தும் லெவல் கோச்சிங் படிப்பைப் படித்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். அதைவிட, வேறொரு பிள்ளையின் வகுப்பை ஒருநாள் ஓரமாக நின்று பாருங்கள்.

அகாடமிக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. மகளின் முதல் மேட்சில் கவர் டிரைவ் அழகாக வந்தது, உடனே ரன் அவுட். "யெஸ்", "நோ" என்று கூப்பிட்டு ஓடவே தெரியவில்லை, தனி வகுப்பில் எதிர்முனையில் யார் இருந்தார்கள்? அடுத்த மேட்சில் ஒரு பொடியன் போட்ட லெக் ஸ்பின்னில் திணறிப் போனாள். த்ரோடவுனில் பௌலரின் கை தெரியாது. மச்சான் பையன் இதிலெல்லாம் அவளைவிடத் தெளிவு. அதனால் ஞாயிறு மட்டும் அவளை மறுபடி அகாடமிக்கு அனுப்புகிறேன். ஒரு நாளுக்கு மட்டும் கட்டணம் வாங்க ஒப்புக்கொண்டார்கள்.

14 வயதுக்கு மேல், லீக் ஆடும் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு பொருந்துமா என்றால், என் அனுபவம் ஒரு பிள்ளை, ஒரு வருடம், அவ்வளவுதான்.

போன மாதம் கோச் சாரே, இனி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார், செலவு பாதியானது. அதைக் கேள்விப்பட்ட மச்சான், ஷிஃப்ட் இல்லாத நாட்களில் பையனை எங்கள் பால்கனிக்குக் கூட்டிவரட்டுமா என்கிறான். கொக்கி ஒன்றுதான் இருக்கிறது, கீழ் வீட்டு ஆன்ட்டியிடம் அவன்தான் பேச வேண்டும்.