பழைய எக்ஸ்பியில் கோப்புத் தேடல்: பாமினியோடு பழகிய அனுபவம்

எனது தட்டச்சு நிலையத்தில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. மின்னஞ்சலும் வண்ண வடிவமைப்பும் புதியதில் நடக்கின்றன. 2006 ஆம் ஆண்டு வாங்கிய பழையதில் இன்றும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. 2001 ஒக்டோபரில் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8 ஆம் திகதியோடு பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுபோன இயங்குதளம் என்பதால், அதற்குரிய இணைய இணைப்பை அப்போதே கழற்றிவிட்டேன். ஆனாலும் அதனைக் கைவிட முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டுகள் என்ற நினைவு நூல்கள், திருமண அழைப்பிதழ்கள், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள் என்று பல ஆண்டு வேலைகள் பாமினி எழுத்துருவில் அதற்குள்தான் இருக்கின்றன. தந்தையாரின் கல்வெட்டில் வந்த வம்சாவழியைத் தாயாருடையதற்கும் எடுத்துத் தரும்படி ஒருவர் வந்து கேட்கும்போது, அதை எந்தப் பெயரில் சேமித்தேன் என்பது எனக்கு நினைவிருப்பதில்லை. ஆகவே கோப்பின் பெயரைவிட உள்ளடக்கத்தைத் தேடுவதே எனக்கு அன்றாட வேலை.

அந்த வேலையில்தான் எக்ஸ்பி என்னை நெடுங்காலம் அலைக்கழித்தது. கோப்பினுள் உள்ள சொல்லைக் கேட்கும் பெட்டியில் ஒரு பெயரை இட்டால், எக்ஸ்பியின் தேடல் பலகத்தில் துணைக்கு வரும் மஞ்சள் நாய்ப் படம் சிறிது நேரம் வாலை ஆட்டிவிட்டு எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். கோப்போ என் கண்முன்னே திறந்து கிடக்கும். காரணம் பின்னர்தான் புரிந்தது. எக்ஸ்பி தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் உள்ளடக்கத்தை மட்டுமே வாசிக்கிறது. ஏனையவற்றைத் திறந்தும் பார்ப்பதில்லை, பார்க்கவில்லை என்று சொல்வதும் இல்லை. நான் நோட்பேடில் தட்டச்சு செய்யும் கோப்புகளுக்கு, மாதவாரியாகப் பிரிப்பதற்காக, ஜனவரி, பெப்ரவரி ஆகியவற்றின் மூன்றெழுத்துச் சுருக்கங்களையே, பெயரின் முடிவில் புள்ளிக்குப் பின் நின்று கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டாக இட்டு வந்தேன். என் கெட்டிக்காரத்தனமே எனக்கு வினையாயிற்று.

இதற்கான திருத்தம் தேடல் பலகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. விருப்பங்களை மாற்றும் இணைப்புக்குள் சென்று, கோப்புகளில் உள்ள சொற்களை முன்கூட்டியே அட்டவணையிட்டு வைக்கும் அட்டவணைச் சேவைக்கான (இன்டெக்சிங் சர்வீஸ்) பகுதியில் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, அறியாத பின்னொட்டுள்ள கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளும் கட்டத்தைக் குறியிட வேண்டும். அட்டவணைச் சேவையை இயக்க வேண்டிய தேவையில்லை. அந்தக் குறி மட்டும் போதும். தேடல் அதன்பின் மெதுவாகும் என்பது உண்மைதான், ஆயினும் அரை நிமிடத்தில் கிடைக்கும் பொய்யைவிட ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கோப்பு எனக்கு மேலானது.

அட்டவணைச் சேவையை இயக்கிப் பார்த்த காலமும் உண்டு. பாமினியில் வேலை செய்வோர் அதனைத் தவிர்ப்பது நல்லது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கிடக்கும். மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. சொல் சொல்லாக அட்டவணையிடும் சேவை அரைப்புள்ளியைச் சொல்லின் முடிவாக எடுத்துக்கொள்வதால், 'அம்மா' என்பது 'அம்' என்றும் 'மா' என்றும் இரண்டாக வெட்டுப்பட்டுவிடும். கணினியின் வேகத்தை மணிக்கணக்காக விழுங்கி அது தயாரித்த அட்டவணையால் எனக்கு ஒரு பெயரைக்கூடத் தேடித் தர முடியவில்லை.

பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இன்னொரு பொறி. பாமினியில் சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. வேறுபாட்டைக் கவனிக்குமாறு சொல்லாமல் 'கடை' என்று தேடினால், 'குடை' உள்ள கோப்புகளும் வரிசையாக வந்து நிற்கும். மேலதிக விருப்பங்களில் எழுத்து வேறுபாட்டுக்கான கட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு எப்போதாவது தேவைப்படும் அந்தக் கட்டம், பாமினிக்காரருக்கு எப்போதும் தேவை. இதனாலேயே நான் கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும், கட்டளைச் சாளரத்தின் ஃபைண்ட்ஸ்டர் கட்டளைக்கு மாறினேன். அது இயல்பாகவே எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும். எஸ் என்ற தெரிவு உட்கோப்புறைகளுக்குள் இறங்கும், எம் என்ற தெரிவு கோப்பின் பெயரை மட்டும் தரும். இடைவெளியுள்ள பெயரைத் தேடும்போது மட்டும் சி என்ற தெரிவோடு மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தேடி, இரண்டில் எது இருந்தாலும் கொண்டுவந்து கொட்டிவிடும். யூனிகோடு என்று தெரிவுசெய்து நோட்பேடில் சேமித்த கோப்புகளில் ஃபைண்ட்ஸ்டர் எதையும் காணாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களின் கதை வேறு. கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரில் குறுக்குவழிகளை வைத்துவிடும் வைரஸ்கள் அந்நாட்களில் மலிந்திருந்தன. மறைக்கப்பட்ட கோப்புகளை எக்ஸ்பி தானாகத் தேடுவதில்லை என்பதால், ஒரு பெரியவர் கோயில் மலருக்காகத் தொகுத்த கட்டுரைகள் முழுவதும் அழிந்துவிட்டன என்றே நானும் நினைத்தேன். மேலதிக விருப்பங்களில் மறைந்த கோப்புகளுக்கும் முறைமைக் கோப்புறைகளுக்கும் உள்ள இரு கட்டங்களையும் குறியிட்டபோது அவை அப்படியே இருந்தன. அட்ரிப் கட்டளையால் அந்த மறைப்பை நீக்கிக் கொடுத்தேன்.

ஒருமுறை தேடல் பலகமே திறக்க மறுத்து, தேவையான கோப்பு ஒன்றைக் காணவில்லை என்றது. விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஐஎன்எஃப் என்ற மறைந்த கோப்புறையில் எஸ்ஆர்சிஎச்ஏஎஸ்எஸ்டி என்ற கோப்பின் மேல் வலச்சொடுக்கி நிறுவுமாறு சொன்னதும் அது சரியாயிற்று. நாயையும் அன்றே விருப்பங்களில் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள்தான் சிறிது வருந்தினார்கள். பெயரை மட்டும் தேடுவதற்கு எவ்ரிதிங் என்ற சிறிய மென்பொருள் போதும். என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டில் கோப்புகளின் பெயர்கள் பதிவாகியிருக்கும் முதன்மைக் கோப்பு அட்டவணையை நேரே வாசிப்பதால், தட்டச்சு செய்து முடிக்குமுன் விடை வந்துவிடுகிறது.

உண்மையான திகதியைக் கொண்டு தேடுவது மட்டும் ஒரு காலப்பகுதிக் கோப்புகளுக்கு எனக்குப் பயன்படுவதில்லை. தாய்ப்பலகையில் இருந்து கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர் 2032 மின்கலம் தீர்ந்துபோனதை நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போக, மறுநாள் கணினி 2002 ஜனவரி 1 என்றே விழித்துக்கொண்டிருந்தது. மின்கலத்தை மாற்றியபின் கடிகாரம் ஒழுங்காகிவிட்டது. அந்த நான்கு மாத வேலைகளின் திகதிகளை மட்டும் நான் திருத்தவில்லை. அக்காலத்துக் கல்வெட்டு எதையாவது யாராவது கேட்டு வந்தால், கணினி என் கைக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முந்திய அந்த ஒரே நாளைத் திகதிப் பெட்டியில் இட்டுத்தான் இப்போதும் தேடி எடுத்துக் கொடுக்கிறேன்.