தாழ்த்திய பிக்கப் மாதிரி: ஆக்சிலை மாற்றுவதா, தளத்தை அறுப்பதா?

1/25 அளவுள்ள பிளாஸ்டிக் பிக்கப் மாதிரியைத் தரையை உரசுமளவு தாழ்த்த இரண்டு வழிகள் உண்டு. பின் ஆக்சிலை (சக்கரங்களை இணைக்கும் அச்சை) லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை வில்லின்) அடியிலிருந்து கழற்றி மேலே பொருத்துவது எளிது; சேசிஸில் (அடிச்சட்டத்தில்) அது இடிக்கும் இடத்தை அரைவட்டமாக அராவினால் போதும். உடற்கூட்டின் தளத்தை அறுத்து அக்கூட்டைச் சேசிஸின்மேல் இறக்குவதோ, இங்கே ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மை வண்டியில் ஏறத்தாழ ஓர் அங்குலம் என்பதால், இருக்கை, ஸ்டீயரிங், எஞ்சின், பானெட் என ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்க்க வைக்கும்; ஆனால், கதவடியில் சேசிஸ் துளியும் தெரியாத அந்த அழகு முதல் வழியில் கிடைக்காது. முதன்முதலில் செய்பவருக்கு ஆக்சில் மாற்றமே என் பரிந்துரை. எதைத் தேர்ந்தாலும், வண்ணத்தைச் சேலத்தில் வெயில் காயும் நாளில் அடியுங்கள். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய மாலையில் நான் தெளித்த கறுப்பு லாக்கர் வண்ணம், ஈரம் பட்டுப் பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது.