மலைநாட்டுக்கு எந்தச் சொகுசு மோட்டார் ஹோம் சரிவரும்? நீண்ட காலப் பாவனைக்குப் பிறகு

கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் 8 மீற்றர் நீள மோட்டார் ஹோம் (கட்டில், குசினியோடு வீடு போல அமைத்த வண்டி) போகாது என்பார்கள். தாராளமாகப் போகும். இ.போ.ச. பஸ் அதைவிட நீளம், அகலமும் 2.5 மீற்றர் வரை வரும். அது அதே வளைவுகளில் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. ரம்பொடைச் சுரங்கத்திலும் இடைஞ்சல் இல்லை. ஏ5ஐ விட்டுத் தோட்டத்து ரோட்டில் திரும்பும்போதுதான் பிரச்சினை தொடங்கும். 3 மீற்றர் அகலம், ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலை மலையின் சரிவு, எதிரே கொழுந்து ஏற்றிய லொறி. இரவில் தங்குவதற்கு நல்ல இடமெல்லாம் இந்த ரோட்டுகளின் முடிவில்தான் இருக்கிறது. எனவே வண்டியைத் தெரிவு செய்யும்போது கட்டில், குசினி எல்லாவற்றுக்கும் முன்னால் அளவுநாடாவை எடுங்கள்.

மொரேலோ பாலஸ், கொன்கோர்ட் கரிஸ்மா, நீஸ்மன் பிஷோஃப் ஃபிளேர் மூன்றும் இவெகோ டெய்லி அடித்தளத்தில் கட்டப்பட்ட பெரிய வண்டிகள். 3.0 லீற்றர் டீசல், பின்சக்கர இழுவை, 8 கியர் ஓட்டோமற்றிக். ஏற்றத்தில் குறையே சொல்ல முடியாது. பின் அச்சில் இரட்டை டயர் இருப்பதால் ஈரக் கொங்கிரீட்டிலும் சறுக்கல் குறைவு. ஆனால் நீளம் 8 மீற்றரைச் சுற்றி அல்லது அதற்கு மேல். பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதியும் பெரிது. தோட்டத்து ரோட்டு மதகில் இறங்கி ஏறும்போது நிலத்தில் உரசுவது அந்த வால்தான். கூர் வளைவில் வெளிப்பக்கம் வீசி மதிலைத் தட்டுவதும் அதுதான். சாரதி அனுமதிப்பத்திரமும் கவனிக்க வேண்டிய விடயம். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால் பி வகுப்பு போதாது.

ஹைமரின் பி மாஸ்டர்லைன், மேர்சிடிஸ் ஸ்பிரின்டரில் 7 மீற்றருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 2.3 மீற்றர் அகலமும் உடையது. அதே ஸ்பிரின்டரில் வான் உடலை அப்படியே வைத்துச் செய்த கிராண்ட் கன்யன் எஸ் 5.93 மீற்றர் நீளம், 2.02 மீற்றர் அகலம். கண்ணாடிகளைச் சேர்த்தாலும் 2.35 மீற்றருக்குள் நிற்கும். நான்கு சக்கர இழுவையோடும் வாங்கலாம். டயகம, அக்கரப்பத்தனைப் பக்கம் மழைக்காலத்தில் திரிய நினைப்பவருக்கு நமது தீர்ப்பு இதுதான். உள்ளே நெருக்கம்தான், மறுக்கவில்லை.

ஃபியட் டுக்காட்டோவில் வரும் கார்தாகோ போன்றவை உள் அலங்காரத்தில் யாருக்கும் சளைத்தவை அல்ல. ஆனால் முன்சக்கர இழுவை. ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாயும். பின்னால் கராஜ் பெட்டியில் சைக்கிளும் தண்ணீரும் ஏற்றினால் முன் சக்கரத்தின் பிடி இன்னும் குறையும். பாசி படிந்த கொங்கிரீட்டில் நின்று மறுபடி எடுக்கும்போது முன் டயர் வெறுமனே சுழலும். கொழும்பு, காலி, திருகோணமலைக்கு நல்ல வண்டி. மலைக்கு வேண்டாம்.

இனிப் பலரும் ஏளனமாகப் பார்க்கும் தெரிவு: டொயோட்டா கோஸ்டரில் நல்ல பாஸ் ஒருவரிடம் கொடுத்து உள்வேலை செய்வித்த வண்டி. நீளம் 6.99 மீற்றர், அகலம் 2.08. வலப்பக்க ஸ்டியரிங், பழைய எஞ்சினில் புகையைச் சுத்தமாக்கும் யூரியாவும் இல்லை, கரியைப் பிடிக்கும் சூட் ஃபில்டரும் இல்லை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ எந்தக் கராஜிலும் கை வைப்பார்கள். இரண்டு இடத்தில் மட்டும் ஏமாறக்கூடாது. கோஸ்டர்களில் பெரும்பாலானவற்றின் மின்சாரம் 24 வோல்ட். வீட்டுப் பகுதிச் சாமான்கள் 12 வோல்ட். நடுவில் 24இலிருந்து 12க்கு இறக்கும் சார்ஜர் வேண்டும். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் குறுக்கு வழி, சில மாதங்களில் இரண்டையும் கெடுத்துவிடும். ஜப்பானில் முழுதாகக் கட்டி வந்த காம்பர் என்றால் உள்ளே இருக்கும் பிளக், ஏசி, மைக்ரோவேவ் எல்லாம் 100 வோல்ட். நமது 230 வோல்டில் நேரே செருகினால் அன்றைக்கே கருகும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வண்டியின் தரம் தெரியும். நானுஓயாவிலிருந்து ரதெல்ல குறுக்கு வீதியில் பிரேக் போன விபத்துகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக்கை மிதித்து இறங்கும் 5 தொன் வண்டி அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் எடுக்காது. ஒயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் நிலம் வரை போகும். புத்தகத்தில் இரண்டு வருடம் என்று போட்டிருந்தாலும் நுவரெலியாவில் நிற்கும் வண்டிக்கு வருடம் ஒருமுறை ஒயில் மாற்றுவதே புத்தி. இவெகோவில், பிரேக்கை மிதிக்காமலே வேகத்தைக் குறைக்கும் டெல்மா மின்காந்த ரிட்டார்டரை மேலதிகமாகப் போடலாம். பெரிய வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் தோல் இருக்கைக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுக்கட்டும். பழைய கோஸ்டரிலோ மிட்சுபிஷி ரோசாவிலோ எக்ஸோஸ்ட் பிரேக் (புகைக்குழாயை மறித்து வேகம் குறைப்பது) இருந்தால் அது வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து எஞ்சின் 10 பீபீஎம் (பத்து இலட்சத்தில் 10 பங்கு) சல்ஃபர் டீசலுக்கென்று செய்யப்பட்டது. சாதாரண ஓட்டோ டீசல் அடித்தால் சூட் ஃபில்டர் சீக்கிரம் நிரம்பும். சுப்பர் டீசல் மட்டும் போடுங்கள். சின்ன டவுன் எரிபொருள் செட்டில் அது இருக்கும் என்று நம்பி டாங்கியை வெறுமையாக்கிக்கொண்டு மலை ஏறாதீர்கள். நல்ல டீசல் அடித்தாலும் ஒரு தொல்லை மிஞ்சும். ஃபில்டரில் சேரும் கரி எரிய ஏறத்தாழ 600 பாகைச் சூடு சீராகக் கிடைக்க வேண்டும். இருபது முப்பது வேகத்தில் வளைந்து ஏறி, பிறகு எஞ்சின் பிரேக்கில் குளிர்ந்தபடி இறங்கும் வண்டிக்கு அது கிடைப்பதில்லை. எரிப்புத் தொடங்கிப் பாதியில் நின்றால் எரியாத டீசல் எஞ்சின் ஒயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஒயில் அளவு கூடியிருந்தால் அதுதான் காரணம். 2022இல் திறந்த மீரிகம–குருநாகல் அதிவேக வீதியில் மாதம் ஒருமுறை எண்பதில் போய் வந்தால் ஃபில்டர் சுத்தமாகும்.

சூடாக்கி பற்றி விற்பனையாளர் சொல்லாத ஒன்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தின் எண்பது வீதமளவு. டீசல் சூடாக்கிகள் பல 1,500 மீற்றர் வரைக்கும் என்று சரிசெய்யப்பட்டு வருகின்றன. அதற்கு மேல் காற்றுக் குறைய, டீசல் அதே அளவில் பாய, எரியறையில் கரி அடைத்துப் புகை தள்ளும். உயரத்துக்கேற்ற துணைப்பாகம் பொருத்தியிருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெரிய வண்டிகளில் வரும் அல்டே சூடாக்கி, குழாய்களில் சுடுநீரை ஓட்டும் முறை. சத்தமில்லை, மூலை முடுக்கெல்லாம் ஒரே சூடு. காஸிலும் 230 வோல்டிலும் ஓடும். கெஸ்ட் ஹவுஸ் பிளக்கில் செருகி 3 கிலோவொற்றில் போட்டால் 13 அம்பியர் இழுத்து பிளக் உருகும். 1 கிலோவொற்றில் வைத்தால் 4 அம்பியர் சொச்சம், விடிய விடிய ஓடும். காஸில் ஓட்டினால் அதிகாலைக் குளிரில் அழுத்தம் குறையும். பியூட்டேன் கொதிநிலை பூச்சியத்துக்குச் சற்றே கீழே. 5 பாகைக் குளிரில் ஆவியாவது மந்தம், ஆவியாகும்போது சிலிண்டர் இன்னும் குளிரும். பாதிக்குக் கீழே இறங்கிய சிலிண்டரை இரவுக்கு நம்ப வேண்டாம். ஐரோப்பிய ரெகுலேட்டர் நமது சிலிண்டர் வாயில் உட்காராது. 30 மில்லிபார் வெளியீட்டில் நம்மூர் ரெகுலேட்டரும் குழாயும் மாற்றிக்கொள்ளுங்கள். சிலிண்டர் பெட்டியின் உள்ளளவையும் எடுத்துவிடுங்கள்.

சூடு வந்தால் ஈரமும் கூட வரும். இரண்டு பேர் உறங்கினாலே விடிவதற்குள் அரை லீற்றருக்கு மேல் நீராவி வெளியேறும். கூரை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துச் சூடாக்கியைக் குறைவாக ஓட்டுவது, எல்லாவற்றையும் அடைத்து அதிகமாக ஓட்டுவதைவிட நல்லது. மெத்தைக்கு அடியில் பலகை நேரே இருந்தால் பூஞ்சணம் நிச்சயம்; இடையில் காற்றோட்டத் தட்டு போடுங்கள். தரைக்கு அடியில் இன்னொரு தரை (இரட்டைத் தளம்) உள்ள வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது மலைநாட்டில் வீண்செலவு அல்ல. கூரை ஒட்டுகளுக்கு சிலிக்கோன் பூச வேண்டாம். சிக்காஃப்ளெக்ஸ் போன்ற பொலியூரித்தேன் வகை போடுங்கள். குரங்குகள் ரப்பர் ஓரங்களைப் பிய்க்கும் கலையில் தேர்ந்தவை. காட்டோரம் நிறுத்திய ஒவ்வொரு முறையும் ஏறிப் பார்க்கத்தான் வேண்டும்.

சோலரை நம்பி வாங்காதீர்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மூட்டம். மார்கழி, தையில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை. ஓடும்போது 50 அம்பியர் தரும் சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 100 அம்பியர் மணி சேரும், அது போதும். ஃபிரிட்ஜ் கம்ப்ரெஸர் வகையாக இருக்கட்டும். காஸில் ஓடும் உறிஞ்சல் வகை சில பாகை சாய்ந்தாலே குளிராது. மலையில் சமதரைக்கு எங்கே போவது? 5 வீதச் சரிவில்கூட 4 மீற்றர் அச்சு இடைவெளிக்கு 20 சென்டிமீற்றர் வித்தியாசம். சாதாரண ஆப்புக்கட்டை அதை ஈடுசெய்யாது.

கழிவறைத் தொட்டிதான் பெரிய வண்டிகளைத் தோற்கடிக்கிறது. நிலையான தொட்டியும் அரைக்கும் பம்பும் ஐரோப்பிய முகாம்களுக்கென்று செய்தவை. இங்கே அதை வெறுமையாக்கத் தனி இடம் கிடையாது. 20 லீற்றருக்கு உட்பட்ட, கையால் கழற்றும் பெட்டி என்றால் கெஸ்ட் ஹவுஸில் கேட்டு மலசலகூடத்தில் ஊற்றலாம். ஃபோர்மல்டிஹைட் கலந்த இரசாயனம் அவர்கள் குழியைக் கெடுக்கும், போடாதீர்கள். தண்ணீருக்குக் கவலை இல்லை, தோட்டத்துப் பீலியில் நிரப்பலாம். பம்புக்கு முன்னால் 20 மைக்ரோன், பிறகு 5 மைக்ரோன் ஃபில்டர் இரண்டும் வேண்டும். மணல் பம்பின் வால்வில் சிக்கினால் அழுத்தம் நிற்காது. ஊர் ஆட்கள் குடம் வைத்து நிற்கும் நேரத்தில் குழாயைப் போட்டு மறிக்க வேண்டாம்.

ஜெர்மன் வண்டிகளில் சில, ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தாலும் வீட்டுக் கதவையும் வலப்பக்கத்திலேயே வைத்து வரும். நமது ரோட்டில் அது பஸ் வரும் பக்கம். அவுஸ்திரேலிய, பிரித்தானியக் கட்டுமானங்களில் கதவு பொதுவாக இடப்பக்கம் இருக்கும். பழைய வண்டி என்றால் ஈரமானியைச் சுவர் மூலைகளிலும் கூரை ஜன்னல் ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள்: 15 வீதத்துக்குக் கீழ் பரவாயில்லை, 20ஐத் தாண்டினால் கைவிடுங்கள். கொழும்பு ரோட்டில் ஓட்டிப் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, நாலு பேரை ஏற்றி, கம்பளையிலிருந்து நுவரெலியா வரை ஏறி, அதே வழியில் இறங்கி வந்து, சக்கரங்களுக்குக் கிட்டப் போய் மணத்தைப் பாருங்கள்.