வீட்டுக் கணினியை லினக்ஸுக்கு மாற்றி பதினான்கு மாதம்

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியப்போகிறது என்று தெரிந்ததும் விண்டோஸ் 11 போட முடியுமா என்று பார்த்தேன். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. 8 ஜிபி ராமும் 240 ஜிபி எஸ்எஸ்டியும் வாங்கிப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதன் பரவலான வகையான உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட ஒன்றை 2025 மார்ச்சில் நிறுவினேன். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நிறுவுவது என்னவோ அரை மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு வந்தவற்றைச் சரிசெய்யத்தான் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

முதலில் வைஃபை. நான் வைத்திருந்தது யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர். அதிலிருக்கும் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்து வரவில்லை, தனியாக இறக்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் போட்டதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது, இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாலை நேரம் மிச்சமாகியிருக்கும். டிரைவர் இறங்கியும் வேலை செய்யவில்லை. காரணம் செக்யூர் பூட், அதாவது கணினி தொடங்கும்போது ஒப்புதல் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு. டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்கிறது. மறுபடி கணினியைத் தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து சில நொடிகள் மட்டும் காத்திருக்கிறது, அதற்குள் ஒரு விசையை அழுத்தி உள்ளே போய் அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் டிரைவரை ஏற்றுக்கொள்ளும். நான் அது ஏதோ பிழைச்செய்தி என்று நினைத்து இரண்டு முறை தவறவிட்டேன். அப்புறம் கெர்னல் புதுப்பிப்பு ஒன்று வந்தபோது அதே டிரைவர் மறுபடி படுத்துக்கொண்டது. ஆறாவது மாதம் அந்த அடாப்டரையே மாற்றி, கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப் எதுவென்று விசாரித்து வேறொன்று வாங்கினேன். அன்றிலிருந்து இன்று வரை ஒரு தொந்தரவும் இல்லை.

அடுத்தது கடிகாரம். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போட்டேன், மாறவில்லை. பிறகுதான் விளங்கியது: லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் வித்தியாசமும் அதே அளவு. லினக்ஸ் பக்கம் ஒரு கட்டளை கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும், சரியாகிவிடும். இன்னொரு சிக்கல், பழைய டிஸ்க்கில் இருந்த கோப்புகளை லினக்ஸிலிருந்து திறக்க முடிந்தது, ஆனால் மாற்றிச் சேமிக்க முடியவில்லை. வேகமாகத் தொடங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அதனால் லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எழுதாமல் ஒதுங்கிக்கொள்கிறது. அதை நிறுத்தியதும் தீர்ந்தது.

இதெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் வருவதுதான். நான் உண்மையில் நொந்துபோனது தமிழ் தட்டச்சில்.

நான் தமிழ்99 விசைப்பலகை முறையில் பழகியவன். விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் தமிழ் என்ற பெயரில் அரை டஜனுக்கு மேல் இருக்கிறது. தமிழ்நெட் 99 (தமிழ்99-தான் இது), அதுவே தமிழ் எண்களுடன், அதுவே டேப் குறியேற்றத்தில், அதுவே டிஸ்கி குறியேற்றத்தில், இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட், இலங்கைக்குத் தனியாக. குறியேற்றம் என்றால் எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் முறை; டேப், டிஸ்கி எல்லாம் இன்று பொதுவாக உள்ள யூனிகோடு பரவுவதற்கு முந்தைய குறியேற்றங்கள், இன்று அவற்றைத் தெரிந்தெடுத்தால் திரையில் குப்பைதான் விழும். தமிழ் எண்கள் உள்ளதைத் தெரியாமல் எடுத்து, ஒரு தொலைபேசி எண்ணை ௯, ௪ என்று அடித்து அனுப்பியும் விட்டேன். சரியானதைத் தேர்ந்த பிறகும் கை ஓடவில்லை. தமிழ்99-இன் அழகே, க-வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுவதும், ங-வுக்குப் பிறகு க வந்தால் ங்க என்று ஆவதும்தான். அந்தப் பட்டியலில் இருப்பவை வெறும் விசை இட மாற்றம், முன்னால் என்ன எழுத்து அடித்தோம் என்று அவற்றுக்குத் தெரியாது. புள்ளி தானாக விழ வேண்டுமென்றால் ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பும் அதற்கான எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பும் வேண்டும். அதை நிறுவி, மொழி அமைப்பில் ஐபஸ் என்று தேர்ந்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். இந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் ஒரு நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.

1999-இல் சென்னை மாநாட்டில் கூடிப் பேசித் தரப்படுத்திய விசைப்பலகை இது. அது ஒழுங்காக வேலை செய்ய எங்கோ ஒரு மூலையில் தனித் தொகுப்பைத் தேட வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. நிறுவும்போது தமிழ் என்று தேர்ந்தாலே அது சேர்ந்து வர வேண்டும்.

அப்பா தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர், அவருக்குத் தமிழ்99 வேண்டாம், பழைய டைப்ரைட்டர் முறைதான். நல்லவேளை, அதே தொகுப்பில் அதுவும் இருந்தது. ஓரிரு குறிகள் அவர் கை தேடிய இடத்தில் இல்லை, அவற்றை ஒரு தாளில் பெரிதாக எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டார். ஆனால் அவருடைய பழைய கோப்புகளைத் திறந்ததும் திகைத்துப்போனார். கோயில் திருப்பணிக் கணக்கு, ஓய்வூதியர் சங்கக் கடிதங்கள், ஊர் வரலாறாக அவர் எழுதி வைத்தவை எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றன. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பிறகும் அவர் பழகியதிலேயே எழுதி வந்திருக்கிறார். விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து இங்கே போட்டதும் படிக்க முடிந்தது. நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவதுதான், ஆனால் மாற்றிகள் கோப்பில் நடுநடுவே உள்ள ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்றே நினைத்துத் தமிழாக்கி விடுகின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் ஆள் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

விண்டோஸின் யூனிகோடு எழுத்துருவான லதாவில் இருந்த கோப்புகளில் எழுத்து சிதையவில்லை, ஆனால் அந்த எழுத்துரு இங்கே இல்லாததால் பக்க அமைப்பு மாறிவிட்டது. ஆவணம் எழுதும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் தமிழுக்கான எழுத்துருவை ஆங்கிலத்துக்கான இடத்தில் மாற்றினால் எதுவும் நடக்காது. சிக்கலான எழுத்தமைப்பு என்ற அமைப்பை இயக்கி, அங்கே தனியாக நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைக் கொடுத்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

பிரிண்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பழைய லேசர் பிரிண்டருக்குத் தயாரித்த நிறுவனம் லினக்ஸ் டிரைவர் தரவில்லை, பொதுவான ஒன்றை வைத்து ஓட்டுகிறேன், தரம் சுமார்.

இன்றைய நிலையில், பொத்தானை அழுத்திய இருபது நொடிக்குள் வேலைக்குத் தயார். மின்சாரம் பலமுறை போய் வந்தும் கோப்பு எதுவும் கெடவில்லை. அக்கா கடைக் கணக்கு எழுதும் மென்பொருள் மட்டும் விண்டோஸில்தான் ஓடும், அதற்காக மாதம் இரண்டு முறை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் இணையம் இல்லாமல், பழைய டிஸ்க்குக்குப் போகிறோம். மாற நினைப்பவர்கள் டிஸ்க்கில் கை வைக்கும் முன்பு பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் பாருங்கள், தமிழில் நான்கு வரி அடித்தும் பாருங்கள். நான் ஒலியை மட்டும் பார்த்துவிட்டு நிறுவினேன்.

அப்பாவின் கோப்புகளில் இன்னும் எழுபது சொச்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாசிக்க நான் திருத்துகிறேன், ஒரு நாளைக்கு ஐந்தாறு முடிகிறது.